காயாத பச்சை

எனக்குப் பறவைகளைப் பிடிக்காது. கடைக்கு வருகிறவர்கள் இதை நம்புவதில்லை. சுவர் நிறையக் கிளியும் கொக்கும் மரங்கொத்தியுமாக மாட்டிவைத்துக்கொண்டு இப்படிச் சொன்னால் தன்னடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில், உயிருள்ள பறவை என் ஜன்னலில் வந்து உட்கார்ந்தால் கையைத் தட்டி விரட்டிவிடுவேன். படத்தில் இருப்பவை சத்தம் போடுவதில்லை, எச்சமிடுவதில்லை. அவற்றோடு எனக்குச் சண்டை இல்லை.

நீங்கள் கேட்பது பறவையைப் பற்றி இல்லை என்று தெரியும். இந்த அறைக்குள் வந்ததிலிருந்து ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள், மேடம். என் மைத்துனர் உடம்புக்குள் என்ன போயிருக்கிறது? அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். கை கால் மரத்துப்போய்விட்டது. எது கொடுத்தாலும் வாந்தியாக வருகிறது. எதற்கு வைத்தியம் பார்ப்பது என்று டாக்டர்களுக்குத் தெரியவில்லை. பெயர் தெரிந்தால் மருந்து இருக்கிறது, தெரியாவிட்டால் என்று சொல்லிப் பாதியில் நிறுத்தினீர்கள். மீதியைப் புரிந்துகொண்டேன்.

பெயர் எனக்குத் தெரியும். ஒரே ஒரு சொல். சொல்லாமல் போக மாட்டேன். ஆனால் முதலிலேயே சொல்லிவிட்டால் நீங்கள் எழுந்து ஓடிவிடுவீர்கள். மற்றதைக் கேட்க ஆள் இருக்காது. மைத்துனருக்கு விஷம் வைத்தவன் என்று நாளைக்குப் பேப்பரில் ஒரு வரி வரும். அந்த வரி தப்பு. அதைத் திருத்தாமல் நான் எதையும் சொல்லப்போவதில்லை. உட்காருங்கள். அந்தக் காவலரையும் உட்காரச் சொல்லுங்கள். நின்றுகொண்டே எழுதினால் கையெழுத்து கோணும்.

கடை மைத்துனருடையது. என் மனைவியின் அண்ணன் அவர். பழைய இயற்கை வரலாற்றுப் புத்தகங்களிலிருந்து வந்த அச்சுப் படங்களை விற்கிறார். கேமரா வருவதற்கு முன்னால், எங்கோ ஒரு காட்டில் இருக்கும் கிளியை உலகத்துக்குக் காட்ட வேண்டுமென்றால் ஒருவர் அதை வரைய வேண்டும். இன்னொருவர் அந்த ஓவியத்தைச் செப்புத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்க வேண்டும். தகட்டில் மை தடவித் தாளில் அழுத்தி எடுத்தால் வருவது கறுப்புக் கோடுகள் மட்டும். நிறத்தைக் கையால்தான் போட வேண்டும், ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாக. படத்தின் அடியில் இடப்பக்கம் வரைந்தவர் பெயர் இருக்கும். வலப்பக்கம் செதுக்கியவர் பெயர் இருக்கும். நிறம் போட்டவர்களுக்கு அங்கே இடம் கிடையாது. அவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஒரு நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி சிவப்பை மட்டும் போட்டுவிட்டுப் பக்கத்தில் தள்ளுவாள். அடுத்தவள் நீலத்தை மட்டும் போடுவாள். வாழ்நாள் முழுக்க அலகுக்கு மட்டுமே நிறம் போட்டுக் கிழவியானவள் ஒருத்தி நிச்சயம் இருந்திருப்பாள் என்று என் மனைவி சொல்வாள்.

"முழுக் கிளியை அவ பாத்திருக்கவே மாட்டா, இல்ல?"

அந்தக் காலத்தில் நிறம் போடாத படங்களையும் விலை குறைத்து விற்றார்கள். அவை இன்றும் கிடைக்கின்றன. மைத்துனர் அவற்றைத் தேடி வாங்குவார். அவருடைய தங்கை கடையின் பின்னறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து நிறம் போடுவாள். பிறகு, அந்தக் காலத்திலேயே நிறம் போட்டது என்று சொல்லி விற்போம். மோசடி என்று எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். தாள் பழையது. கோடு பழையது. பெயர் தெரியாத ஒருத்தி அன்றைக்குப் போட்ட நிறம் அசல். பெயர் தெரியாத இன்னொருத்தி இன்றைக்கு அதைவிட நன்றாகப் போட்டால் அது போலி. இதில் எங்கே நியாயம் இருக்கிறது? எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

நான் கெமிஸ்ட்ரி படித்தவன். ஒரு பெயிண்ட் கம்பெனியின் லேபில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மானேஜர் அறைக்கு ஒரு படம் வாங்கி வரச் சொன்னார்கள் என்று அந்தக் கடைக்குப் போனேன். பின்னறைக் கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண் தலை நிமிர்ந்து பார்த்தாள். முதலில் நான் கவனித்தது அவள் உதடுகளைத்தான். கீழுதட்டின் நடுவில் நீலமாக ஒரு புள்ளி. அடுத்த வாரம் காரணமே இல்லாமல் போனேன். அன்றைக்குப் புள்ளி சிவப்பு. அதற்கடுத்த முறை மஞ்சள்.

மைத்துனர் என்னைக் கவனித்துவிட்டார். "ஏன் சார், உங்க மானேஜருக்கு மொத்தம் எத்தனை ரூம்?" என்றார்.

கல்யாணம் பேசியபோதும் அவர்தான் எல்லாரையும் சிரிக்கவைத்தார். "உங்களுக்கு ஒரு வசதி இருக்கு மாப்பிள்ளை. உதட்டுச் சாயம் வாங்கித் தர்ற வேலையே இல்ல. அவளே தினமும் ஒரு கலர் போட்டுக்குவா."

நானும் சிரித்தேன். நன்றாகப் பேசுகிற மனிதர். ஆஸ்பத்திரியில் இந்நேரம் வாயைத் திறக்க முடிந்திருந்தால் நர்ஸைச் சிரிக்கவைத்துக்கொண்டிருப்பார்.

அவளுக்கு அப்பா அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். அண்ணன்தான் வளர்த்தார். மேசைக்கு எட்டும்படி ஒரு ஸ்டூலில் நிற்கவைத்து, பிரஷ் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். இறகில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே நிறம் போட வேண்டும். கோட்டைத் தாண்டக் கூடாது. அதற்குப் பிரஷின் முனை ஊசிபோல நிற்க வேண்டும். தண்ணீரில் நனைத்துத் துணியில் ஒற்றினால் முனை கொஞ்ச நேரத்தில் பிரிந்துவிடும். உதட்டில் வைத்து லேசாகச் சுழற்றி இழுத்தால் நிற்கும். எச்சிலுக்கு அந்தக் குணம் உண்டு.

"பிரஷை வாயில வெக்கிறதுக்கு மட்டும் இவளுக்கு ஒரு வாரம் ஆச்சு, துப்பிக்கிட்டே இருப்பா" என்று மைத்துனர் எங்கள் கல்யாணத்துக்குப் பிறகும் சொல்லிச் சிரிப்பார். அவரும் அப்படித்தான் வேலை செய்வார். அவர்களுக்கு அது மூச்சு விடுவது மாதிரி.

இந்த இடத்தைக் கொஞ்சம் தெளிவாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். குற்றம் என்று ஒன்று நடந்திருந்தால் அது அந்த ஸ்டூலில்தான் ஆரம்பித்தது. நான் அந்த வீட்டுப் படி ஏறுவதற்கு வெகுகாலத்துக்கு முன்னால்.

கல்யாணமானதும் கம்பெனி வேலையை விட்டேன். "கெமிஸ்ட்ரி மாப்பிள்ளை, எவன் பெயிண்டையோ எதுக்குக் கிண்டிக்கிட்டு இருக்கணும்? நம்ம கடைக்கு வந்துடுங்க" என்று அவர் கூப்பிட்டார். பழைய தாளில் படிந்த பழுப்புக் கறையை எடுப்பதும் பூச்சி அரித்த ஓட்டைகளை அடைப்பதும் என் வேலை. பின்னறையின் ஒரு மூலையில் என் தொட்டிகள். ஜன்னலோரம் அவள். நாள் முழுக்க ஒரே அறையில் இருந்தோம். அதிகம் பேசிக்கொள்ள மாட்டோம். பிரஷ் கழுவும் கண்ணாடிக் குவளையில் தண்ணீர் நிறம் மாறுவதைப் பார்த்தே, அவள் பறவையின் எந்த இடத்தில் இருக்கிறாள் என்று சொல்லிவிடுவேன். சந்தோஷமாக இருந்தோம். இதையும் எழுதிக்கொள்ளலாம்.

அப்போதுதான் கிளிகள் வந்தன. ஒரு பெரிய வீட்டைக் காலி செய்தபோது மைத்துனர் அட்டைப் பெட்டியோடு வாங்கி வந்தார். எல்லாம் ஒரே ஆள் செதுக்கியவை. முழு வரிசை, ஒன்றுகூடக் குறையவில்லை, ஒன்றுக்கும் நிறம் போடவில்லை. செதுக்கியவர் தன் முழுப் பெயரைக்கூட அடியில் போட்டிருக்கவில்லை. இரண்டு எழுத்துகள் மட்டும். அவரைப் பற்றி யாருக்கும் வேறெதுவும் தெரியாது. ஆனால் அந்தக் கையை மறக்க முடியாது. ஒவ்வொரு கிளியின் கண்ணிலும் கடுகைவிடச் சிறியதாக ஒரு வெள்ளைச் சதுரம் விட்டிருந்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அது ஒரு ஜன்னல். குறுக்குக் கட்டைகூடத் தெரியும். அவர் உட்கார்ந்து செதுக்கிய அறையின் ஜன்னலாகத்தான் இருக்க வேண்டும்.

"காட்டுல இருக்கிற கிளி கண்ணுக்குள்ள ஜன்னல் எப்படி வந்துச்சு?" என்று மைத்துனர் கேட்டார்.

"கூண்டுல போட்டுப் பக்கத்துல வெச்சிருந்திருப்பாரு அண்ணா" என்றாள் அவள். "அது வெளிய போறதுக்கு வழி பாத்துக்கிட்டே இருந்திருக்கும்."

வசதியான ஒருவர் முழு வரிசையையும் வாங்கிக்கொள்ள ஆசைப்பட்டார். தன் சார்பில் பார்த்துச் சொல்ல ஒரு நிபுணரை அனுப்பினார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. கழுத்தில் கயிறு கட்டி அதைத் தொங்கவிட்டிருப்பார். மாதிரிக்காக அவள் நிறம் போட்டு முடித்திருந்த முதல் கிளியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். புறஊதா விளக்கு ஒன்றை அடித்துப் பார்த்தார். வெகுநேரம் குனிந்திருந்தார்.

"சிவப்பு சரி. மஞ்சள் சரி. கை ரொம்ப நல்ல கை" என்றார். "பச்சைதான் பொய் சொல்லுது. இது அந்தக் காலத்துல கிடையாது. யாரோ பிற்பாடு கை வெச்சிருக்காங்க. மத்ததெல்லாம் வரட்டும், பாத்துட்டுச் சொல்றேன். எல்லாத்துலயும் இதே பச்சை இருந்தா என்கிட்ட வராதீங்க."

அவள் பின்னறையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனதும் அந்தக் கிளியைக் கவிழ்த்து வைத்தாள். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

"நல்ல கைன்னுதானே சொன்னாரு" என்றேன்.

"பொய் சொல்ற நல்ல கை" என்றாள்.

கிளி என்றால் பச்சை. பச்சையை விட்டுவிட்டு அந்த வரிசையை முடிக்க முடியாது. மைத்துனர் என் தோளில் கை போட்டார். "உங்க படிப்புக்கு இப்பதான் வேலை வந்திருக்கு, கெமிஸ்ட்ரி மாப்பிள்ளை."

பழைய பச்சையை நான் செய்தேன். எப்படி என்று சொல்ல மாட்டேன், அது உங்களுக்கு வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் எல்லாரும் அதைத்தான் பயன்படுத்தினார்கள். படத்துக்கு, சுவருக்கு, துணிக்கு. பிறகு விட்டுவிட்டார்கள். ஏன் விட்டார்கள் என்பது என் பாடப்புத்தகத்தில் இருந்தது. மைத்துனர் அந்தக் கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "விஷம் கிஷம் ஒண்ணும் இல்லையே மாப்பிள்ளை?"

"காஞ்சு கண்ணாடிச் சட்டத்துக்குள்ள போயிட்டா யாருக்கும் ஒண்ணும் ஆகாது மச்சான்" என்றேன்.

அது பொய் இல்லை. காய்வதற்கு முன்னால் என்ன ஆகும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அவள் அந்தப் பச்சையை முதல்முறை தொட்டு வைத்துவிட்டுத் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு, "மத்த பச்சையெல்லாம் பேசுது. இது கூப்பிடுது" என்றாள். ஒரு புருஷன் பெண்டாட்டிக்கு எதையெதையோ வாங்கிக் கொடுக்கிறான். நான் அவளுக்கு ஒரு நிறத்தைச் செய்து கொடுத்தேன். இந்த ஊரில் வேறு எவன் அப்படிச் செய்திருக்கிறான், சொல்லுங்கள்.

அவளை எச்சரித்தேனா என்று கேட்கிறீர்கள். எச்சரித்தேன்.

"இதை வாயில வெக்காத."

"ஏன், கசக்குமா?"

"கசக்காது."

"அப்புறம்?"

"உடம்புக்கு ஆகாது."

"உங்க தொட்டியில இருந்து வர்ற நாத்தமும்தான் உடம்புக்கு ஆகாது. நான் மூக்கைப் பிடிச்சுக்கிட்டா குடும்பம் நடத்துறேன்?"

சிரித்துக்கொண்டே பிரஷை உதட்டில் வைத்து இழுத்தாள். நானும் சிரித்துவிட்டேன். இருந்தாலும் என் பேச்சுக்காக மறுநாள் தண்ணீரில் ஒற்றிப் பார்த்தாள். முனை பிரிந்து, பச்சை இறகின் கோட்டைத் தாண்டிக் கசிந்தது. அந்தப் படத்தை நான் தொட்டியில் போட்டுக் கழுவ வேண்டியதாயிற்று. அதன் பிறகு அவள் பழையபடி உதட்டுக்கே போய்விட்டாள். நான் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சின்ன வயதில் பதிந்த பழக்கத்தை ஒரு வார்த்தையில் மாற்ற முடியுமா? மாற்றியிருக்க வேண்டியவர் பதியவைத்தவர்.

முதலில் அவளுக்கு வாந்திதான் வந்தது. மைத்துனரின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர். அன்றைக்கு வாயெல்லாம் சிரிப்பாக என்னைத் தனியே கூப்பிட்டார். "விசேஷம்னு நினைக்கிறேன் தம்பி. பாருங்க, ஒரு குட்டிக் கெமிஸ்ட்ரியைப் பெத்துக் குடுக்கப்போறா." மைத்துனர் அன்று சாயங்காலமே தொட்டிலுக்கு விலை விசாரித்துவிட்டு வந்தார்.

விசேஷம் இல்லை என்று டாக்டர் சொன்னார். வயிற்றில் புண் என்று மாத்திரை கொடுத்தார். அப்புறம் விரல் நுனிகள் மரத்தன. நரம்புத் தளர்ச்சி என்றார் இன்னொருவர். உள்ளங்கைத் தோல் தடித்துச் சொரசொரப்பானது. சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை, மாற்றுங்கள் என்றார் வேறொருவர். அக்கா நாலு விதமான சோப்பு வாங்கி வந்து வைத்தார். அவள் வேலையை மட்டும் விடவில்லை. ஆட்காட்டி விரல் மரத்துப்போனதும் கட்டை விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிரஷை இறுக்கிக்கொண்டாள். அப்போதும் நிறம் கோட்டைத் தாண்டவில்லை.

"விடும்மா, மீதியை நான் முடிக்கிறேன்" என்றார் மைத்துனர்.

"நீ போட்டா கிளியெல்லாம் கோழி ஆயிடும், போண்ணா."

வரிசை முடிந்தது. பூதக்கண்ணாடி மறுபடி வந்தார். ஒவ்வொன்றாக விளக்கில் பார்த்தார். கடைசியில் கண்ணாடியை இறக்கிவிட்டு, "இது அந்தக் காலத்துப் பச்சை" என்றார். மாதிரிக்குக் காட்டிய முதல் கிளியையும் நாங்கள் கழுவிப் புதிதாகப் போட்டு வைத்திருந்தோம். அதைக் கையில் எடுத்து, அன்றைக்குத் தன் விளக்கில்தான் ஏதோ கோளாறு போலிருக்கிறது என்று தன்னையே நொந்துகொண்டார்.

அப்போது அவள் வீட்டில் படுக்கையில் இருந்தாள். ஓடிப்போய்ச் சொன்னேன்.

"என்ன சொன்னாரு?"

"பச்சை உண்மைதான்னு சொல்லிட்டாரு."

கண்ணை மூடிக்கொண்டாள். "கை?" என்றாள்.

"கையைப் பத்தி ஒண்ணும் சொல்லல."

அவர் எப்படிச் சொல்வார்? அவரைப் பொறுத்தவரை அந்தக் கைக்குச் சொந்தக்காரி செத்து வெகுகாலம் ஆகிறது. நாங்கள் நினைத்தது நடந்துவிட்டதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி வேண்டியதில்லை. அவளுக்கு அது புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்த வாரமே போய்விட்டாள்.

நீங்கள் மறுபடி வாட்சைப் பார்க்கிறீர்கள். பார்க்க வேண்டாம். அவளும் இப்படித்தான் ஒவ்வொரு டாக்டராகக் காத்திருந்தாள். அவளுக்காக எந்த போலீசும் எந்த அறையிலும் உட்கார்ந்து பெயர் கேட்கவில்லை.

அவள் போன பிறகுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. மைத்துனர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் கையால வளர்த்த பொண்ணு மாப்பிள்ளை" என்று அழுதார். சரிதான் என்று தோன்றியது. அவர் கையால்தான். பிரஷை அவள் வாய்க்குக் கொண்டுபோய் வைத்த கை. நான் செய்தது ஒரு நிறம். நிறம் தானாக எழுந்து யார் வாய்க்குள்ளும் போவதில்லை. இவ்வளவு சாதாரணமான விஷயம் அந்த வீட்டில் யாருக்கும் உறைக்கவில்லை. எல்லாரும் சேர்ந்து அவருக்குத்தான் ஆறுதல் சொன்னார்கள்.

கிளிகளை அனுப்புவதற்கு முன்னால் அவர் ஒரு யோசனையோடு வந்தார்.

"அவ போட்டதுன்னு சொல்லிடலாமா மாப்பிள்ளை? வாங்கலைன்னா போகட்டும். அடியில அவ பேரு ஒண்ணு இருந்துட்டுப் போகட்டுமே."

"சொன்னா எல்லாரும் பச்சையைப் பத்திக் கேப்பாங்க மச்சான்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார். கிளிகள் போய்விட்டன.

கொஞ்ச நாளில், அதே செதுக்கியவரின் பொன்வண்டுப் படங்கள் ஒரு கட்டு கிடைத்தன. வாங்க ஆள் தயார். நிறம் போட ஆள் இல்லை. பொன்வண்டு என்றால் கிளியைவிடப் பச்சை. மைத்துனரே போய் அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். "அவ அளவுக்கு வராது, எனக்கே தெரியும். ஆனா அந்த இடம் சும்மா கிடக்கிறதைப் பாக்க முடியல" என்றார். "பச்சை கலந்து குடுங்க மாப்பிள்ளை."

கலந்து கொடுத்தேன். அவளுக்குக் கொடுத்த அதே பச்சைதான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவர் சாப்பாட்டில் நான் எதையும் போடவில்லை. குடிக்கிற தண்ணீரில் கலக்கவில்லை. கையைப் பிடித்து வாய்ப்பக்கம் கொண்டுபோகவில்லை. காலையில் கிண்ணத்தை மேசையில் வைத்தேன், அவ்வளவுதான். மீதியை அவர் கற்றுக்கொடுத்த பாடமே பார்த்துக்கொண்டது. விஷம் வைத்தவன் என்று பேப்பரில் போடுவது தப்பு என்று ஆரம்பத்தில் ஏன் சொன்னேன் என்று இப்போது உங்களுக்குப் புரியும்.

ஒரு தடவை மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் செய்தேன். அவர் ஒரு வண்டை முடித்துவிட்டு என்னிடம் நீட்டினார். நன்றாகத்தான் இருந்தது. நான் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "மெலிசா இருக்கு மச்சான். இன்னொரு பூச்சு வேணும்" என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "எனக்குத் தெரியல. கண்ணும் மங்குது. நீங்க சொன்னா சரி" என்று மறுபடி பிரஷை வாயில் வைத்தார். ஒரு தடவை என்று சொன்னேன். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தடவை.

அவர் தன் பாடத்தைத் தானே படிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷப்பட்டேன் என்று எழுத வேண்டாம். துக்கப்பட்டேன் என்றும் எழுத வேண்டாம். தொட்டியில் கறை மெல்லக் கலைந்து போவதைப் பார்ப்போமே, அப்படிப் பார்த்தேன். அவர் சாப்பாட்டைத் தள்ளிவைத்தார். வேட்டியைப் பிடித்துக்கொண்டு அடிக்கடி எழுந்து பின்பக்கம் ஓடினார். "துக்கத்துல வயித்தைப் புரட்டுது" என்று அவரே ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டார். பிரஷ் கையிலிருந்து நழுவி விழுந்தால் குனிந்து எடுத்து, "வயசாச்சு மாப்பிள்ளை, பொருளெல்லாம் என்னை விட்டு ஓடுது" என்று சிரிப்பார்.

அக்காதான் கண்டுபிடித்தார். ஒருநாள் அவருக்குச் சட்டை போட்டுவிடும்போது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். நேராகப் பின்னறைக்கு வந்தார். நான் அப்போது பச்சை கலந்துகொண்டிருந்தேன்.

"தம்பி, அவர் கையைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்க்கா. சோப்பு ஒத்துக்கலையோ என்னவோ."

"அது அவ கை மாதிரியே இருக்கு. நாலு சோப்பு மாத்தினேனே, அந்தக் கை."

நான் கலக்குவதை நிறுத்தவில்லை. அவர் மேசையைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார், என் கைகளைப் பார்த்தார்.

"நீங்க மட்டும் ஏன் தம்பி கையுறை போட்டுக்கிட்டுக் கலக்குறீங்க?"

"கைக்கறை பட்டா தாள் கெட்டுப்போயிடும்க்கா."

"இங்க தாளே இல்லையே" என்றார் அக்கா.

சத்தம் போடவில்லை. அந்தக் கிண்ணத்தை எடுத்து ஜன்னல் வழியாகக் கொட்டினார். பிறகு கணவரை அப்படியே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கிருந்து உங்களிடம். கிண்ணத்தைக் கொட்டாமல் கையோடு எடுத்துப் போயிருந்தால் டாக்டர்களுக்கு வேலை சுலபமாகியிருக்கும். அவசரத்தில் யாருக்கும் அதெல்லாம் தோன்றாது. அறையில் இருந்த மிச்சத்தை நான் சுத்தம் செய்துவிட்டேன். எப்போதுமே சுத்தமாக வேலை செய்கிறவன் நான்.

என் மேல் வழக்குப் போடுங்கள். சிறைக்கு அனுப்புங்கள். கெஞ்சப்போவதில்லை. ஆனால் ஒரு பெண்ணைச் சின்ன வயதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சாகப் பழக்கியவர் ஊரில் நல்ல அண்ணன் என்று பெயர் வாங்கிக்கொண்டு உயிரோடு உட்கார்ந்திருக்க, அவளுக்காக யாராவது ஒருவர் கேட்க வேண்டாமா? நான் கேட்டேன். அவர் புரிந்துகொள்கிற மொழியில் கேட்டேன். மறுபடி அப்படி ஒரு காலை வந்தால் மறுபடி கிண்ணத்தை வைப்பேன்.

சரி. சொல்லிவிடுகிறேன். ஆர்சனிக். செம்போடு சேர்ந்த ஆர்சனிக், அதுதான் அந்தப் பச்சை. டாக்டரிடம் முதல் சொல்லை மட்டும் சொன்னால் போதும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பிழைத்துக்கொள்ளலாம். பிழைத்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. எழுந்து உட்கார்ந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

காவலர் ஓடிவிட்டார். நீங்கள் ஏன் போகவில்லை?

அக்கா அந்தக் கையுறையைப் பற்றி உங்களிடமும் சொல்லியிருக்கிறார். என் மனைவிக்கு முதல் கிண்ணம் கலந்தபோதே கையுறை போட்டிருந்தேனா என்று கேட்கிறீர்கள். போட்டிருந்தேன். லேபில் வந்த பழக்கம். அவளுக்கு விசேஷம் என்று அக்கா சிரித்தபோது எனக்கு என்னவென்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். அப்போது சந்தேகம்தான். உள்ளங்கை தடித்தபோது தெரியும். அவள் போன பிறகுதான் எல்லாம் புரிந்தது என்று கொஞ்சம் முன்னால் சொன்னேன். யார் குற்றம் என்று புரிந்ததை அப்படிச் சொன்னேன். இரண்டும் வேறு வேறு விஷயம்.

அவளிடம் சொல்லியிருப்பேன், மேடம். அதில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம். எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். கடைசிக் கிளிக்கு வால் மட்டும்தான் பாக்கி இருந்தது. அப்படி ஒரு வாலை அவளைத் தவிர வேறு யாராலும் போட்டிருக்க முடியாது.